ஏழையின் வம்சாவளி

1

பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நம் நாட்டுப் பாடசாலைகளிலே இங்கிலாந்தின் வரலாறு என்னும் பெயராற் கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் அரச குடும்பங்களின் வம்சாவளியே. எந்த ஹென்றிக்குப் பின் எந்த எட்வேட் முடிசூடினான், எந்த இராணிக்கு எத்தனை பிள்ளைகள் என்பவற்றை மனனஞ் செய்த மாணவர், அவ்வரசர்களுக்கு உணவும் உடையும் அளித்த உழவனையும் நெசவாளனையும் பற்றி ஒரு வரியேனும் அறிந்தாரில்லை. அந்த உழவனுக்கும் பாட்டனும் பூட்டனும் இருந்தனர். அவர்களுடைய பெயர்களும் எழுதப்பட்டே உள்ளன. அவை எங்கே எழுதப்பட்டன, எவரால் எழுதப்பட்டன, எதற்காக எழுதப்பட்டன என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்து நெடுங்காலமாகக் ‘கவுண்டி’ எனப்படும் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு வந்துள்ளது. கென்ற், எசெக்ஸ், டோர்செற் முதலியன அத்தகைய கவுண்டிகள். ஒவ்வொரு கவுண்டியும் பல கோயிற்பற்றுகளைக் கொண்டது. கோயிற்பற்று வழிபாட்டுக்குரிய பிரிவாக மட்டுமன்றி, வரி விதித்தல், தெருக்களைப் பேணுதல், ஏழைகளைப் பராமரித்தல் ஆகிய ஊராட்சிக் கருமங்களுக்கும் அடிப்படை அலகாக இருந்தது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் எழுதிய தோம்புகளைப் பற்றி அறிந்தோர்க்கு இவ்வமைப்பு விளங்குவது கடினமன்று. கோயிற்பற்றின் ஏடுகள் தேவாலயத்துப் பெட்டியிலே கிடந்தன. நீதவான்களின் ஏடுகள் கவுண்டியின் நீதிமன்ற எழுத்தரிடம் இருந்தன. இன்று இவ்விருவகை ஏடுகளும் பெரும்பாலும் கவுண்டிச் சுவடிக்கூடங்களிலே பேணப்படுகின்றன. தம் முன்னோரைத் தேடுவோர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்து அங்கே ஏடு புரட்டுகின்றனர்.

இவர்களுட் சிலர் தமது இரத்தத்தில் ஒரு பிரபுவின் இரத்தமேனும் கலந்திருக்காதா என்ற ஆசையோடு வருபவர்கள். அவ்வாசை எளிய கணக்கின் முன் நில்லாது. ஒருவனுக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். இவ்வாறே மேற்சென்றால் பத்தாவது தலைமுறையில் 1,024 இடங்கள். இருபதாவது தலைமுறையில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள். 1541ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் முழுக் குடித்தொகையே ஏறத்தாழ 28 இலட்சந்தான் என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். ஆகவே, சற்றுத் தொலைவு பின்னோக்கிச் சென்றால் ஒருவனின் முன்னோரே பலரின் முன்னோருமாவர். அவர்களிற் பெரும்பாலார் உழுதும் நெய்தும் ஏவல் செய்தும் வாழ்ந்தவர்களே. குலப்பெருமை என்பது இந்தப் பெருந்தொகையினரை மறந்துவிட்டு, ஒரேயொரு பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பதால் உண்டாவது.

2

ஆளும் வர்க்கத்தினர் தம் வம்சாவளியைத் தற்செயலுக்கு விட்டாரல்லர். 1530ஆம் ஆண்டு முதல் 1688 வரை, அரசனின் கட்டளை பெற்ற குலச்சின்ன அதிகாரிகள் கவுண்டி கவுண்டியாகச் சுற்றுப்பயணஞ் செய்தனர். குலச்சின்னந் தரிக்கும் கனவான்கள் அவர்கள் முன் தோன்றித் தம் பரம்பரையைச் சான்றுடன் நிறுவவேண்டும். நிறுவியோரின் குலமுறை ஏட்டிலே வரையப்பட்டது. தகுதியின்றிச் சின்னந் தரித்தோர் தாம் கனவான்கள் அல்லர் எனப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நிலவுடைமைக்கும் பதவிக்கும் மண உறவுக்கும் வம்சாவளி ஆதாரமாக இருந்த சமுதாயத்திலே, அதனைப் பதிந்து வைப்பதும் அரசின் கருமமாயிற்று.

பொதுமக்களின் பெயர்கள் பரவலாக எழுதப்படத் தொடங்கியது 1538ஆம் ஆண்டிலே. எட்டாம் ஹென்றியின் அமைச்சனாகிய தொமஸ் குரொம்வெல், ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் பதியவேண்டும் என அவ்வாண்டிற் கட்டளையிட்டான். பதிவேட்டை இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைத்தல் வேண்டும். தவறினால் மூன்று ஷிலிங்கும் நான்கு பென்சும் தண்டம். மக்கள் இதனை வரவேற்றார்களில்லை. பிறப்பையும் இறப்பையும் எண்ணுவது புதிய வரியொன்றுக்கு முன்னோடியே என்று அவர்கள் ஐயுற்றனர். மடாலயங்களின் சொத்தை அரசன் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஐயம் அறியாமையால் எழுந்தது என்று தள்ளிவிட முடியாது.

பின்வந்த வரலாறு அந்த ஐயம் பொய்யன்று என்பதைக் காட்டிற்று. 1783ஆம் ஆண்டு முதல் 1794 வரை, பதிவேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் முத்திரை வரி அறவிடப்பட்டது. பிச்சைச் சம்பளம் பெறும் ஏழைகளுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. ஆகவே அக்காலப் பதிவேடுகள் பலவற்றிற் குழந்தையின் பெயருக்கு அருகே ‘ஏழை’ என்பதன் ஆங்கில முதலெழுத்தைக் காணலாம். பிறந்து சில நாள்களேயான சிசுவுக்குப் பெயருடன் அதன் பொருளாதார நிலையும் சூட்டப்பட்டுவிட்டது.

பிணமும் தப்பவில்லை. கம்பளி வணிகத்தைக் காக்கும்பொருட்டு 1666இலும் 1678இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், இறந்தோரை ஆங்கிலக் கம்பளியிலேயே பொதிந்து புதைக்கவேண்டும் என விதித்தன. அவ்வாறு புதைத்தமைக்குச் சத்தியக் கடதாசி வேண்டும். மீறினால் ஐந்து பவுண் தண்டம். செல்வர் தண்டத்தைச் செலுத்திவிட்டு மெல்லிய லினனிலே தம்மவரைப் புதைத்தனர். கம்பளி முதலாளியின் சந்தை புதைகுழி வரை நீண்டிருந்தது என்பதற்கு அடக்கப் பதிவேடே சாட்சி.

3

இனி, ஓர் உதாரணத்தைக் கொண்டு இத்தேடலின் வழியை நோக்குவோம். தென்னிங்கிலாந்தின் கிராமமொன்றில் வாழ்ந்த பண்ணைக் கூலியாள் ஒருவனின் குடும்பத்தைப் பின்னோக்கித் தேடுவதாகக் கொள்வோம்.

1801 முதல் 1831 வரையிலான குடிசன மதிப்புகளிலே அரசாங்கம் தலைகளை எண்ணிற்றேயன்றிப் பெயர்களைக் கேட்கவில்லை. நாடு முழுவதற்கும் பெயர்வாரியான கணக்கு 1841இலேயே எடுக்கப்பட்டது. பிறந்த கோயிற்பற்றின் பெயர் 1851ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்தே கிடைக்கிறது. பிறப்பு, விவாகம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கப் பதிவுகாரர் பதியத் தொடங்கியது 1837 ஜூலை மாதத்திலே. அதற்கு முன்னே செல்லவேண்டுமாயின் கோயிற்பற்றுப் பதிவேட்டையன்றி வேறு கதியில்லை.

1813 முதல் வழங்கிய அச்சிட்ட ஞானஸ்நானப் பதிவேட்டிலே தந்தையின் தொழிலுக்கென ஒரு நிரல் இருந்தது. வேளாண்மைக் கிராமங்களில் அந்நிரலைப் பார்த்தால், பக்கம் பக்கமாக ‘கூலியாள்’, ‘கூலியாள்’ என்ற சொல்லே திரும்பத் திரும்ப வரக் காணலாம். நம் கூலியாளின் தந்தையும் கூலியாளே. ஆயின் அவனுடைய தந்தையின் காலத்துக்கு, அதாவது 1770ஐ ஒட்டிய காலத்துக்குச் சென்றால், சிற்சில இடங்களில் வேறொரு காட்சி தென்படும். அங்கே குடிசையோடு சிறுதுண்டு நிலமும், பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் உரிமையும் உடைய ஒருவனைக் காண்கிறோம். பாட்டன் சிறு குடியானவன், பேரன் கூலியாள். இடையில் நிகழ்ந்தது என்ன?

இதற்கு விடை கவுண்டிச் சுவடிக்கூடத்தின் மற்றொரு கட்டிலே இருக்கிறது. பொதுநிலங்களை வேலியடைத்துத் தனியார் உடைமையாக்குவதற்காக 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 5,200க்கு மேற்பட்டவை. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். அது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடியது. எவனுக்கு எத்துண்டு என்று வகுத்த தீர்ப்பேடுகளும் வரைபடங்களும் கவுண்டி எழுத்தரிடம் ஒப்படைக்கப்பட்டன. அத்தீர்ப்பேட்டிலே பெருநிலக்கிழாருக்கும் குருவானவருக்கும் நூற்றுக்கணக்கான ஏக்கர்கள். குடிசைக்காரனுக்கு ஒரு சிறு மூலை, அல்லது ஒன்றுமேயில்லை. மூலை கிடைத்தவனும் தன் செலவில் வேலி கட்டவேண்டும். கட்ட வகையற்றவன் விற்றான். ஞானஸ்நானப் பதிவேட்டையும் தீர்ப்பேட்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு, ஒரு குடும்பம் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கூலிப்படையிற் சேர்ந்த கதை பெயரோடும் ஆண்டோடும் தெளிவாகும். பாட்டாளி வர்க்கத்தின் தோற்றம் என்று நூல்களிற் படிப்பது, இங்கே இன்னானின் மகன் இன்னானாக நம்முன் நிற்கிறது.

இன்னும் பின்னே, 1754ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விவாகச் சட்டத்தின்படி, மணமக்கள் பதிவேட்டிலே கையொப்பமிடவேண்டும். எழுதத் தெரியாதோர் புள்ளடி இடலாம். இப்புள்ளடிகளை எண்ணியே ஆய்வாளர் அக்காலத்து எழுத்தறிவை அளந்துள்ளனர். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளிலேகூட மணமகன்மாரில் மூவரில் ஒருவரும், மணமகளிரில் ஏறத்தாழப் பாதிப்பேரும் புள்ளடியே இட்டனர். நீராவி இயந்திரத்தாலும் கப்பற்படையாலும் உலகை ஆண்டதாகப் பெருமை பேசிய நாட்டிலே, அவ்வியந்திரத்தை இயக்கிய கைகளுட் பல தம் பெயரை எழுத அறியா.

புள்ளடியேனும் இட்ட பெண், விவாகத்துக்குப் பின் ஏட்டிலிருந்து மறையத் தொடங்குகிறாள். பழைய ஞானஸ்நானப் பதிவுகள் பலவற்றிலே தந்தையின் பெயர் மட்டுமே உண்டு. தாயின் பெயர் இருந்தாலும் அவளுடைய பிறந்தவீட்டுப் பெயர் பெரும்பாலும் இல்லை. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த 1642ஆம் ஆண்டு முதல் 1660 வரை பதிவுகள் பல ஊர்களிலே அறுந்துபோயின என்று முன்னோர் தேடுவோர் வருந்துவர். தாய்வழியைத் தேடுவோர்க்கு அத்தகைய அறுப்பு ஒவ்வொரு தலைமுறையிலும் நேர்கிறது.

4

பதிவேடு பெயரைத் தருகிறது; வாழ்க்கையைத் தருவதில்லை. ஏழையின் வாழ்க்கையை விரிவாக எழுதிவைத்தவை வேறு கடதாசிகள். 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், தன் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஒவ்வொரு கோயிற்பற்றின்மேலும் சுமத்தி, அதற்கென ஏழைவரி விதிக்கவும் மேற்பார்வையாளரை நியமிக்கவும் வகை செய்தது. ‘தன் ஏழைகள்’ யார் என்ற வினா உடனே எழுந்தது. 1662ஆம் ஆண்டின் குடியிருப்புரிமைச் சட்டம் அதற்கு விடையளித்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுணுக்குக் குறைந்த பெறுமதியுள்ள இருப்பிடத்தில் வந்து குடியேறும் எவனையும், ‘இவன் நாளை எமக்குச் சுமையாகக்கூடும்’ என ஊரதிகாரிகள் முறையிட்டால், 40 நாளுக்குள் இரு சமாதான நீதவான்கள் அவனுடைய ‘சொந்த’ கோயிற்பற்றுக்குத் திருப்பியனுப்பலாம்.

சொந்த ஊர் எது என்பதை நிறுவப் பரம்பரை தேவைப்பட்டது. முறைப்படி பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் ஊரே ஊர். மனைவிக்குக் கணவனின் ஊரே ஊர். தந்தை தானாக எங்கும் உரிமை பெறவில்லையாயின், அவனுடைய தந்தைக்கு எங்கே உரிமை இருந்தது என்று தேடவேண்டும். ஆகவே ஏழையை நீதவான்கள்முன் நிறுத்தி விசாரித்தனர். எங்கே பிறந்தாய்? உன் தந்தை யார், அவனுடைய ஊர் எது? எவரிடம் தொழில் பழகினாய்? எவரிடம் ஓராண்டு முழுவதும் வேலை செய்தாய், கூலி எவ்வளவு? எங்கே மணமுடித்தாய், பிள்ளைகளின் பெயரும் வயதும் என்ன? விடைகள் எழுதப்பட்டு, அடியிலே புள்ளடி இடப்பட்டது. கவுண்டிச் சுவடிக்கூடங்களிலே இத்தகைய வாக்குமூலங்கள் பெருந்தொகையாக உள. எழுத்தறியாத உழைப்பாளர் ஒருவரின் சுயசரிதைக்கு மிக அண்மையில் வரும் ஆவணம் இதுவே. அதனை அவர் தாமாகச் சொல்லவில்லை. ஊரைவிட்டுத் துரத்துவதற்காக அவரிடம் அது வாங்கப்பட்டது.

சட்டத்தின் இடுக்குகளில் உழைப்போர் எவ்வாறு நசுக்குண்டனர் என்பதையும் இக்கடதாசிகள் காட்டுகின்றன. மணமாகாத ஒருவன் ஓராண்டு முழுவதும் ஒரு பண்ணையில் வேலை செய்தால் அவ்வூரில் உரிமை பெறலாம் என 1691இல் விதிக்கப்பட்டது. அதனைத் தவிர்க்கப் பண்ணைக்காரர் பலர் 51 வாரங்களுக்கு மட்டுமே ஆள் அமர்த்தினர். ஓராண்டுக்கு ஒரு வாரங் குறைத்து ஒருவனை வாழ்நாள் முழுவதும் அந்நியனாக வைத்திருக்கும் தந்திரத்தை நம் காலத்து முதலாளிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1697இலே, ஊரின் உதவி பெறுவோர் வலது தோளிலே சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டிய எழுத்தை அணியவேண்டும் எனச் சட்டம் வந்தது. அச்சட்டம் 1810இலேயே நீக்கப்பட்டது.

மணமாகாது கருவுற்ற பெண்ணின் நிலை இன்னுங் கொடியது. முறைப்படி பிறவாத பிள்ளைக்குப் பிறந்த இடமே ஊராதலால், பிரசவத்துக்குமுன் அவளை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட ஊரதிகாரிகள் அவசரப்பட்டனர். அதற்காகக் கொடுத்த சில்லறையையுங் கணக்கேட்டில் எழுதிவைத்தனர். அவ்வாறு அனுப்ப முடியாதபோது, தந்தையின் பெயரைச் சத்தியத்தின்மேல் அவளிடமிருந்து பெற்று, அவனைப் பிணைப் பத்திரத்திற் கட்டினர். ஞானஸ்நானப் பதிவேடு மறைத்த தந்தையின் பெயரை, இன்று அவனுடைய வழித்தோன்றல் இந்தப் பிணைப் பத்திரத்திலேதான் கண்டெடுக்கிறான்.

தந்தையும் தாயும் அறியப்படாத பிள்ளைகளும் இருந்தனர். இலண்டனில் சென் பங்கிராஸ் கோயிற்பற்றின் வேலைவிடுதியில் வளர்ந்த ரொபேட் பிளிங்கோ என்னும் சிறுவன், 1799ஆம் ஆண்டில் வேறு பல பிள்ளைகளுடன் நொட்டிங்ஹாம் அருகேயுள்ள பஞ்சாலையொன்றுக்குத் தொழில் பழகும் அடிமையாக அனுப்பப்பட்டான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ ஏழு. தாய் தந்தையர் எவரென அவன் அறியான். ஆலைகளில் அவன் பட்ட சித்திரவதை 1832இல் தனிநூலாக வெளிவந்து, குழந்தைத் தொழிலுக்கு எதிரான போராட்டத்துக்குத் துணையாயிற்று. வம்சாவளி இல்லாத அவ்வநாதையின் கதை, வம்சாவளி உடைய எத்தனையோ பிரபுக்களின் கதையிலும் நீண்ட காலம் வாசிக்கப்பட்டு வருகிறது.

5

ஏழையின் முகத்தையே நமக்குக் காட்டும் ஏடு ஒன்றுண்டு. அது தண்டனை ஏடு. 1830ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கென்ற் கவுண்டியின் கிழக்குப் பகுதியிலே கூலியாள்கள் சூடடிக்கும் இயந்திரமொன்றை உடைத்தனர். மாரி காலத்தில் கையாற் சூடடித்துப் பெறும் கூலியே அவர்கள் குடும்பத்தைப் பட்டினியிலிருந்து காத்தது. இயந்திரம் அதனைப் பறித்தது. சில மாதங்களிலே கலகம் தென்னிங்கிலாந்து முழுவதும் பரவிற்று. ‘கப்டன் சுவிங்’ என்ற கற்பனைப் பெயரில் பண்ணைக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் சென்றன. அரசு ஏறத்தாழ 2,000 பேரை விசாரித்தது. 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறத்தாழ 480 பேரை அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தியது. எரிக் ஹொப்ஸ்போமும் ஜோர்ஜ் ரூடேயும் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இக்கலகக்காரர்களைப் பெயர்பெயராக மீட்டெடுத்தது. நான்கு ஆண்டுகளின் பின், 1834இல், டோர்செற் கவுண்டியின் டொல்பட்டில் கிராமத்தைச் சேர்ந்த ஆறு கூலியாள்கள், சங்கம் அமைக்கும்போது இரகசியச் சத்தியஞ் செய்தனர் என்ற குற்றத்துக்காக ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றனர். எழுந்த பெருங் கிளர்ச்சியால் 1836இல் அவர்களுக்கு மன்னிப்பளிக்க நேர்ந்தது.

நாடுகடத்தப்பட்டவன் தப்பியோடினால் இனங்காணும்பொருட்டு, அவனுடைய உயரம், கண்ணின் நிறம், முகத்தின் தழும்பு, கையிற் குத்திய பச்சை ஆகிய யாவும் எழுதப்பட்டன. பிரபுவின் முகத்தை அறிய அவனுடைய மாளிகைச் சுவரிலே ஓவியம் உண்டு. கூலியாளின் முகத்தை அறிய அரசாங்கத்தின் கைதிப் பட்டியலே உண்டு. அவுஸ்திரேலியாவிலே கைதியின் வழிவந்தோர் நெடுங்காலம் அதனை மானக்கேடாகக் கருதி மறைத்தனர். இன்று அவ்வழித்தோன்றல்களிற் பலர் அந்தப் பட்டியலைத் தேடிச்சென்று பெருமையோடு படியெடுக்கின்றனர். ஏடு மாறவில்லை, தண்டித்தவன் யார், தண்டிக்கப்பட்டவன் எதற்காகத் தண்டிக்கப்பட்டான் என்பதை மக்கள் நோக்கும் நோக்கு மாறியுள்ளது.

இந்த நோக்கு மாறுவதற்கு ஏடுகள் எஞ்சியிருக்க வேண்டியிருந்தது. நெடுங்காலமாக அவை ஈரத்துக்கும் எலிக்கும் இரையாயின. கவுண்டிச் சபைகள் 1888ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகிய பின்னர், 1913இல் பெட்போர்ட்சயரிலே முதலாவது கவுண்டிச் சுவடிக்கூடம் அமைந்தது. பின்னர் ஏனைய கவுண்டிகளும் அவ்வழியைப் பின்பற்றின. 1964இல் கேம்பிரிட்ஜில் நிறுவப்பட்ட குடித்தொகை வரலாற்று ஆய்வுக்குழு, 404 கோயிற்பற்றுகளின் பதிவேடுகளிலிருந்து ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றை மாதவாரியாக எண்ணித் தொகுத்தது. அதன் பெறுபேறு 1981இல் வெளிவந்தது. ஏட்டுக்கு ஏடு அமர்ந்து எண்ணியோர் பெரும்பாலும் ஊர் வரலாற்றில் ஆர்வமுடைய தொண்டர்கள். அந்த உழைப்பால், 17ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் பெண்கள் சராசரியாக 26 வயதையொட்டியே மணமுடித்தனர் என்பதும், 18ஆம் நூற்றாண்டின் குடித்தொகைப் பெருக்கத்துக்கு மணவயது குறைந்தமை முக்கிய காரணம் என்பதும் நிறுவப்பட்டன. தனித்தனியே ஒன்றுஞ் சொல்லாத பெயர்கள் ஒன்றுசேர்ந்தபோது ஒரு சமுதாயத்தின் இயக்கத்தைச் சொல்லலாயின.

6

இவ்விடத்திலே நம் நாட்டையும் ஒருகணம் நோக்குதல் தகும். உரிமைக்காகப் பாட்டனைத் தேடும் நிலை இங்கிலாந்தின் பழங்கதையாகிவிட்ட பின்னரும், அந்த ஆட்சிமரபிலே வளர்ந்த நம் சட்டவாக்கத்தில் அது மீண்டும் தலைகாட்டிற்று. பிரித்தானியத் தோட்ட முதலாளிகள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர், தம் கடன் கணக்கைக் காட்டும் ‘துண்டு’ இன்றித் தோட்டம் மாற முடியாதிருந்தனர். அம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோயிற்பற்றின் சான்றுப் பத்திரமும் தோட்டத்துத் துண்டும் உழைப்பாளியின் காலைக் கட்டிய கயிறுகளே.

சுதந்திரத்தின் பின் வந்த 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தந்தை இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும்; அன்றேல் தந்தையின் தந்தையும், அவருடைய தந்தையும் இலங்கையிற் பிறந்திருக்கவேண்டும். அதற்கு அத்தாட்சி எங்கே? இலயத்தறையிலே பிறந்த பாட்டனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எழுதிவைத்தவர் எத்தனை பேர்? மூன்று தலைமுறை கொழுந்து பறித்த கணக்கு கம்பெனியின் ஏட்டில் இருந்தது; மூன்று தலைமுறை பிறந்த கணக்கு அவர்கள் கையில் இல்லை. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974 வரை பிற்போடப்பட்டது. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டமொன்று 2003ஆம் ஆண்டிலும் நிறைவேற்ற வேண்டியிருந்தது. ‘இந்திய வம்சாவளியினர்’ என்று ஒரு மக்கட் கூட்டத்துக்கு வம்சாவளியையே பெயராகச் சூட்டிய அரசு, அவர்களிடமே வம்சாவளிக்கு அத்தாட்சி கேட்டது.

எனவே, பழைய ஏடுகளிலே முன்னோரைத் தேடுதல் ஓய்வுபெற்ற கனவான்களின் பொழுதுபோக்கு என ஒதுக்கத்தக்க காரியமன்று. எவருடைய பெயர் எவ்வேட்டில் எழுதப்படுகிறது என்பது அதிகாரத்தின் கேள்வி. ஏழையின் பெயரை ஆள்வோர் எழுதியபோதெல்லாம் வரிக்காகவும் வெளியேற்றத்துக்காகவும் தண்டனைக்காகவும் எழுதினர். அதனால் அவ்வேடுகளை வாசிப்போர், எழுதியவனின் குரலைக் கடந்து, புள்ளடி இட்டவனின் குரலைக் கேட்கப் பழகவேண்டும். ‘துரத்தப்பட்டான்’ என்ற சொல்லிலே அவன் வேலை தேடி நடந்த வழியையும், ‘திருடினான்’ என்ற சொல்லிலே அவனுடைய பிள்ளைகளின் பசியையும் காணப் பயிலவேண்டும்.

இப்பயிற்சிக்குரிய ஏடுகள் நம் கண்முன்னும் உள்ளன. பழைய பாடசாலைகளின் சேர்வு இடாப்புகள், தோட்டங்களின் பெயர்ப் பட்டியல்கள், தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள் ஆகியன கறையானுக்கும் தீக்கும் போருக்கும் தப்பி அங்கங்கே எஞ்சியிருக்கின்றன. அவற்றைக் குப்பையெனக் கருதி எரிப்பதற்குமுன் ஆசிரியர் ஒருவரேனும் தடுக்கவேண்டும். மாணவர் சிலரேனும் படியெடுக்கவேண்டும். ஏட்டில் ஏறாத பெயர்களை, அவற்றை அறிந்த முதியோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டும். தாய்மார் வழியையும் மறவாது கேட்கவேண்டும். இங்கிலாந்தின் ஊர் வரலாற்றுத் தொண்டர்கள் செய்தது இவ்வளவே. இதுவரை ஏழையின் வம்சாவளியை ஆள்வோர் தம் தேவைக்காக எழுதினர். இனி அதனை உழைக்கும் மக்களின் பிள்ளைகளே எழுதுதல் வேண்டும்.